நானே தைத்த பாவாடை

கடையில் ஓர் ஆடையைக் கண்டதும் அதன் அழகைப் பார்ப்பவர் ஒரு வகை; விலைச் சீட்டைப் பார்ப்பவர் இன்னொரு வகை. இவ்விரண்டையும் விட்டுவிட்டு, அதனை உட்புறமாகப் புரட்டித் தையலைப் பார்ப்பவர் மூன்றாம் வகை. நாம் காணவிருப்பது அந்த மூன்றாம் வகை அம்மையாரை. நீங்கள் அவரை அறிவீர்கள். விற்பனைப் பெண்ணின் முகத்துக்கு நேரே அவர் சொல்லும் வாசகத்தையும் அறிவீர்கள்.

"ரெண்டு தையல், ஒரு பட்டி. இதுக்கா இவ்வளவு விலை? நானே தைச்சிடுவேன்."

விற்பனைப் பெண் மறுத்துப் பேசுவதில்லை. இத்தகையோர் நாள்தோறும் வருகின்றனர். பதினைந்து நாளில் திரும்பியும் வருகின்றனர்.

அம்மையாரின் மகளுக்கு வயது பதினேழு. மூன்றாண்டுகளாகப் பாட்டுக் குழுவின் கடைசி வரிசையில், உயரமானவர்களின் முதுகைப் பார்த்துப் பாடியவள், இவ்வாண்டுதான் முன்வரிசைக்கு வந்திருக்கிறாள். தனியாக நான்கு அடிகளும் பாடவிருக்கிறாள். சனிக்கிழமை விழா. முழங்காலை மறைக்கும் கருநீலப் பாவாடை வேண்டும். அஃது இல்லாதவர் மேடையேற வேண்டா என்பது ஆசிரியையின் கட்டளை. மகள் கடைப் பாவாடையைக் கையில் எடுத்தாள். அம்மையார் அதனைப் புரட்டினார்.

அவ்வளவுதான். இரட்டை அகலத் துணி வந்தது. துணிக்கு நிறம் பார்த்து நூல், நூலுக்கு ஊசி, கோடிடச் சுண்ணக்கட்டி, 'துணியைத் தவிர வேறெதையும் வெட்டக் கூடாது' என்று வீட்டாரை எச்சரித்துவிட்டு அன்று மாலையே அவர் பால் உறையை வெட்டிய புதுக் கத்தரிக்கோல் ஆகியவை வந்தன. அண்ணன் வீட்டுத் தையல் இயந்திரம் கணவரின் தோளில் மூன்று மாடி ஏறிச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்தது. அன்றுமுதல் குடும்பம் நின்றுகொண்டே சாப்பிட்டது. கடைப் பாவாடையின் விலையை இச்செலவு எப்போது தாண்டிற்று என்று கேட்காதீர்கள். கணவர் கேட்டார்.

"இதெல்லாம் ஒரு தடவை வாங்குறதுதானே? கத்தரிக்கோலைத் தூக்கியா போடப்போறோம்?"

கணவர் நின்றபடியே அடுத்த கவளத்தை விழுங்கினார்.

கைப்பேசியில் ஒரு பெண் பன்னிரண்டு நிமிடத்தில் வட்டப் பாவாடை தைத்துக் காட்டினாள். அம்மையார் ஆறு நிமிடம் பார்த்தார். மீதி தாமாகவே புரிந்துவிட்டதாம். துணியை நான்காக மடித்து, மடிப்பின் முனையில் இடுப்புக்கென ஒரு வளைவு வெட்ட வேண்டும். மகளின் இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். நான்கில் ஒரு பங்கு ஏழு. இக்கணக்கை யாரால் மறுக்க இயலும்? முனையிலிருந்து ஏழு அங்குலம் அளந்தார், வளைத்துக் கோடிட்டார், வெட்டினார். ஏழு அங்குலம் இருக்க வேண்டியது வளைவின் நீளமே தவிர, முனையிலிருந்து அதற்குள்ள தூரம் அன்று. அச்செய்தி அவர் பார்க்காத ஆறு நிமிடத்தில் இருந்தது.

விரித்தபோது இடுப்பு நாற்பத்து நான்கு அங்குலம்.

"அம்மா, இதுக்குள்ள நீயும் வரலாம்."

"கொஞ்சம் லூசா இருந்தாத்தான் மூச்சு விட்டுப் பாட முடியும். வளர்ற பொண்ணு வேற."

"பதினேழு வயசாச்சு. இனிமே எங்க வளர்றது, பக்கவாட்டுலயா?"

பதினொரு ஊக்குகளால் அம்மையார் பாவாடையைச் சுற்றிப் பிடித்தார். மகள் பாடுவதற்கு மூச்சை இழுத்தாள். மூன்று ஊக்குகள் வாய் திறந்தன. அவள் அழவில்லை, பாவாடையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, மேசைமேல் வைத்தாள்.

"பரவாயில்லம்மா. நான் வரலைன்னு மிஸ்கிட்ட சொல்லிடுறேன்."

அன்று வெள்ளிக்கிழமை. அம்மையார் துணியையும் மகளையும் இழுத்துக்கொண்டு தெருமுனைத் தையல்காரரிடம் விரைந்தார்.

தையல்காரர் துணியைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அம்மையாரையே பார்த்தார்.

"யார் வெட்டினது?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க."

"தெரிஞ்சு வெட்டின மாதிரி இல்லையே, அக்கா."

அம்மையார் சுவரைப் பார்த்தார். "நாளைக்குப் பிள்ளை மேடை ஏறணும். எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க."

"சின்னதாப் போயிருந்தாத்தான் கஷ்டம். இது பெருசுதானே. சுத்தி மடிப்பு வெச்சு இடுப்புல பட்டி போட்டுடலாம். அந்தத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் இன்னொரு துணி கொடுத்துடாதீங்க."

சனிக்கிழமை மகள் முன்வரிசையில் நின்றாள். நான்கு அடிகளையும் பிசகின்றிப் பாடினாள். அவள் மூச்செடுத்தபோதெல்லாம் பட்டி அசையாமல் நின்றது. கீழே மடிப்புகள் விசிறியாய் விரிந்தன. விழா முடிந்ததும் இன்னொரு மாணவியின் தாயார் அருகில் வந்தார்.

"அந்த மடிப்பு ரொம்ப அழகு. எங்க தைச்சீங்க?"

அம்மையார் இமைக்கவும் இல்லை. "நானே தைச்சேன். ரெண்டு தையல், ஒரு பட்டி. அவ்வளவுதான்."

"துணி வெட்டினது மட்டும் தெரிஞ்சவங்க ஒருத்தங்க, ஆன்ட்டி" என்றாள் மகள்.

இலக்கணம் இதற்கென்றே இரு வினைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. தானே செய்தால் 'தைத்தேன்', அது தன்வினை. பிறரைக் கொண்டு செய்தால் 'தைப்பித்தேன்', அது பிறவினை. நடுவே இரண்டே எழுத்துகள். துணியில் மிச்சம் பிடிக்க இயலாத அம்மையார் அந்த இரண்டு எழுத்துகளில் மிச்சம் பிடித்துவிட்டார். தையல்காரர் இருப்பது அவற்றுக்குள்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், 'வீடு கட்டினேன், வீடு கட்டினேன்' என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, சாந்துக் கரண்டியை எந்தக் கையில் பிடித்தீர்கள்?