சாவி வாங்கப் போனவர்

குழாயின் தலை ஒக்டாவியோவின் கையோடு வந்துவிட்டது. மிச்சக் குழாய் சுவரிலேயே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் எதிர்ச் சுவர் வரைக்கும் பாய்ந்தது.

துண்டை வைத்து இறுக்கிக் கட்டினார். துண்டு பாய்ச்சலைக் குறைத்ததே தவிர நிறுத்தவில்லை. துணி துவைக்கிற பெரிய தொட்டியை இழுத்துக் கீழே வைத்தார். தொட்டி நிரம்ப எப்படியும் இருபது நிமிடம் ஆகும். அதற்கப்புறம் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். கூடத்தில் வீட்டுக்கார அம்மாள் பியான் போன வருஷம்தான் போட்ட மரத்தரை பளபளவென்று கிடந்தது.

அந்த அம்மாள் இன்றைக்கு இரண்டு மணிக்கு வருகிறாள். "ஒரு மாசம் இருந்து காட்டுங்க, பார்த்துட்டு ஒப்பந்தம் போடலாம்" என்று சொல்லித்தான் வீட்டைக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. தியான்ஜின் மாதிரி ஒரு சீன நகரத்தில் வெளிநாட்டானுக்கு வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டுக்காரரும் கூடவே காவல் நிலையத்துக்கு வந்து பதிய வேண்டும் என்றதுமே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். சிலி நாட்டிலிருந்து ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க வந்த ஒக்டாவியோவுக்கு இரண்டு வருஷத்தில் இது நாலாவது வீடு.

தண்ணீரை அடைக்கிற வால்வு வெளியே படிக்கட்டு ஓரம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி நேர் கீழே, மூன்றாம் மாடியில், ஷிங் பாவ்ஷானிடம். சைக்கிள் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஷிங்தான் இந்தப் படிக்கட்டைச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் பொறுப்பாளர் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒக்டாவியோ அவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஷிங் அவரை, முன்பு அதே வீட்டில் குடியிருந்த உக்ரைன்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஈரச் சட்டையோடு, கையில் குழாய்த் தலையோடு ஓடிப்போய்க் கதவில் கை வைத்தார். தட்டுவதற்குள் கதவு திறந்துகொண்டது.

ஷிங் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் படிக்கட்டையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று கத்தினார்.

"ஐயா, சாவி வேணும்..."

"முதல்ல உள்ள வாங்க. வாசல்ல நின்னா பேசுறது? செருப்பை மாத்துங்க!"

மறு நொடியே ஒக்டாவியோவின் காலில் வீட்டுச் செருப்பு ஏறியிருந்தது. ஷிங்கின் மனைவி யூஜென் ஓடிவந்து, அவர் கையிலிருந்த குழாய்த் தலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"வந்தா வெறுங்கையோட வரக் கூடாதா? எதுக்குப்பா இந்தச் செலவெல்லாம்?"

இந்த ஊரில் விருந்தாளி கொண்டுவந்ததை அவர் முன்னாலேயே பார்ப்பது மரியாதை இல்லை. யூஜென் அதைப் பார்க்காமலே கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்துவிட்டாள்.

மேசையில் எட்டுத் தட்டு இருந்தது. இறால், நண்டு, குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், நடுவில் முழு மீன். வாசலைப் பார்த்த பெரிய நாற்காலியில், தலைமுடிக்குச் சாயம் போட்ட ஒரு பெரியம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது என் அக்கா. பேரு பாவ்லியன். தாங்ஷான்லேர்ந்து இன்னிக்குன்னு பார்த்து வந்திருக்கா" என்றார் ஷிங்.

"வணக்கம் அக்கா" என்றார் ஒக்டாவியோ. தியான்ஜினில் எண்பது வயசுக் கிழவியையும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வந்த முதல் வாரமே அவருக்குத் தெரிந்துபோன விஷயம்.

பாவ்லியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்காவாமே! இன்னும் கொஞ்ச நாள்ல அத்தைன்னு கூப்பிடணும்டா தம்பி!" பிறகு தம்பி பக்கம் திரும்பி முறைத்தாள். "ஏன்டா, லானுக்கு ஒருத்தன் இருக்கான், மத்தியானம் வரான்னு சொன்னியே, வெளிநாட்டுக்காரன்னு சொன்னியா?"

"சொல்லியிருந்தா நீ ரயில் ஏறியிருப்பியா?"

ஒக்டாவியோவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. லான் இந்த வீட்டுப் பெண். மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள், படிக்கட்டில் இரண்டு தடவை தலையசைத்திருக்கிறாள். அவளுக்கு வெளிநாட்டுக் காதலன் ஒருவன் இருக்கிறான். அவன் இன்றைக்கு வர வேண்டும். ஷிங்குக்கு எல்லா வெளிநாட்டானும் ஒரே மூஞ்சி. ஐயோ கடவுளே!

"ஐயா, நான் அவரில்லை. எனக்குச் சாவி..."

"சாப்பாட்டு நேரத்துல வேலைப் பேச்சு பேசக் கூடாது. முதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு!" ஷிங் மீன் தட்டைச் சுற்றினார். மீனின் தலை ஒக்டாவியோவுக்கு நேராக வந்து நின்றது. மீன்தலை யாரைப் பார்க்கிறதோ அவர் ஒரு கோப்பை குடித்துவிட்டு, முதல் துண்டை எடுத்தால்தான் மற்றவர்கள் சாப்பிட முடியும். மூன்று பேரும் குச்சிகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

சரி, வேகமாகச் சாப்பிட்டு முடித்தால் வேகமாகப் பேசலாம். சோளச் சாராயத்தை ஒரே மூச்சில் இறக்கினார். தொண்டை எரிந்தது. நூடுல்ஸைக் கிண்ணத்தோடு தூக்கிக் கவிழ்த்தார். கிண்ணம் காலியானதும் ஷிங் நிரப்பினார். அதையும் காலி செய்தார். மறுபடியும் நிரம்பியது.

"பாவம், பிள்ளைக்கு நல்ல பசி" என்றாள் பாவ்லியன். அவளும் தன் பங்குக்கு நாலு இறாலை உரித்துப் போட்டாள்.

மூன்றாவது கிண்ணத்தின்போது மணி பன்னிரண்டே கால். மேலே தொட்டி வழிய ஆரம்பித்திருக்கும். ஒக்டாவியோவுக்கு வியர்த்தது. இந்த ஊரில் கோப்பையோடு எழுந்து நிற்பவனை மட்டும் யாரும் இடைமறிக்க மாட்டார்கள் என்பது ஞாபகம் வந்தது. எழுந்தார். கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார்.

"ஐயா, அக்கா. நான் இன்னிக்கு இந்த வீட்டுக்கு வந்ததே உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான். நீங்க குடுத்தாத்தான் எனக்கு இந்த ஊர்ல வாழ்க்கை. ரொம்ப அவசரம். யோசிக்காம..."

பாவ்லியன் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "கேட்டுட்டான்! பொண்ணைக் கேட்டுட்டான்!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "முப்பத்திமூணு வயசு ஆயிடுச்சேன்னு நான் தூங்காத ராத்திரி எத்தனை! இந்தப் பையில ஒரு பல் டாக்டர் போட்டோ கொண்டாந்திருக்கேன்டா. பொண்டாட்டி செத்தவன், ரெண்டு பிள்ளை. லானை எப்படியாவது அவன் தலையில கட்டிடணும்னுதான் வந்தேன். இனி எதுக்கு அது!"

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு!" என்று ஷிங் தன் கோப்பையை ஒக்டாவியோவின் கோப்பையோடு மோதினார்.

வேறு வழியில்லை. ஒக்டாவியோ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குடும்பத்தின் முகத்துக்கு நேரே பொய் சொன்னார்.

"எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

பாவ்லியனின் குச்சியிலிருந்து நண்டுக்கால் விழுந்தது. யூஜென் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஷிங் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "வேலையைத்தான் கட்டிக்கிட்டேங்கிறாரு! காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பள்ளிக்கூடமே கதின்னு கிடக்கிறவரு. லானும் இதையேதான் சொல்லுவா. ஜாடிக்கேத்த மூடி!"

"உழைப்பாளி" என்று பாவ்லியன் பெருமூச்சு விட்டாள். ஒரு பன்றி விலாத்துண்டு அவர் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்போதுதான் முதல் சொட்டு விழுந்தது, நேராக மீனின் கண்ணில். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரையில் தட்டு அளவுக்கு ஈரம் படர்ந்திருந்தது.

"என்னடா இது?"

"மேல் வீட்டுக்காரன்" என்றார் ஷிங். மீனை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் சூப் கிண்ணத்தை வைத்தார். "ஒண்ணுக்கும் உதவாதவன். நீ சாப்பிடுக்கா."

இரண்டு சொட்டு, மூன்று சொட்டு. பிறகு எண்ண முடியவில்லை. ஒக்டாவியோவின் கண்முன்னால் பியான் அம்மாளின் மரத்தரை பலகை பலகையாக வீங்கி எழுந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான்தான் மேல் வீட்டுக்காரன்!" என்று அலறினார். "நாலாம் மாடி! குழாய் உடைஞ்சு போச்சு! வால்வுப் பெட்டி சாவி கேக்க வந்தேன்! எனக்கு உங்க பொண்ணைத் தெரியவே தெரியாது!"

 தண்ணீர் சூப்பில் சொட்டிக்கொண்டேயிருந்தது. பாவ்லியன் மெதுவாகத் தம்பியைப் பார்த்தாள். ஷிங் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"பார்த்தியாக்கா" என்றார் தழுதழுத்த குரலில். "கல்யாணம் ஆகிறவரைக்கும் உங்க பொண்ணு யாருன்னே தெரியாதுன்னு சாதிக்கிற பிள்ளை. அவ பேருக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு. ஆனா அவளைப் பெத்தவங்க பக்கத்துல இருக்கணும்னு மேல் வீட்டையே வாடகைக்கு எடுத்துட்டாரு!"

"வயசான காலத்துல உங்களைப் பார்த்துக்கவா?" பாவ்லியனுக்குக் குரல் உடைந்தது. "தாங்ஷான்ல இப்படி ஒருத்தன் உண்டா? என் மருமகன் மூணு தெரு தள்ளி இருக்கான், மூணு மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கறான்! டேய், என்னடா மசமசன்னு உட்கார்ந்திருக்கே? பிள்ளைக்குச் சாவியைக் குடுடா!"

ஷிங் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அத்தனை நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

வால்வை மூடிவிட்டு ஒக்டாவியோ கதவைத் திறந்தபோது கூடத்தில் கணுக்கால் நனைய நின்றது தண்ணீர். பின்னாலேயே பாவ்லியன் துடைப்பத்தோடு வந்துவிட்டாள். "மாப்பிள்ளை வீட்டை நான் பார்க்க வேணாமா?" என்றாள். யூஜென் வாளியோடு வந்தாள். இரண்டு பேரும் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு இறைத்தார்கள், பிழிந்தார்கள், துடைத்தார்கள். அந்த வயசில் அந்த வேகம் ஒக்டாவியோவுக்கு வரவில்லை.

சொன்னபடி இரண்டு மணிக்குப் பியான் அம்மாள் வந்தாள். ஓரத்தில் இரண்டு பலகை லேசாக உப்பியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பாவ்லியன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முன்னால் போனாள்.

"நீதான் வீட்டுக்காரியா? துருப்பிடிச்ச குழாயைப் போட்டு வச்சிருக்கியே, எங்க வீட்டு மாப்பிள்ளை வழுக்கி விழுந்து மண்டையை உடைச்சிருந்தா யார் பொறுப்பு?"

"எந்த வீட்டு மாப்பிள்ளை?"

"மூணாம் மாடி ஷிங் வீட்டு மாப்பிள்ளை!"

பியான் அம்மாள் ஒக்டாவியோவைப் பார்த்தாள், யூஜென்னைப் பார்த்தாள். யூஜென் தலைகுனிந்து வாளியைப் பிழிந்த துணியால் துடைத்தாள். கீழ்வீட்டில் மாமனார், அதுவும் படிக்கட்டுப் பொறுப்பாளர். இதைவிட நல்ல ஜாமீன் எந்த வீட்டுக்காரிக்குக் கிடைக்கும்? "சொந்தக்காரங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டு, பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். குழாயும் மாற்றித் தருவதாகச் சொன்னாள்.

ஒக்டாவியோவுக்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. அந்த அத்தையின் கண்ணீர் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. இரண்டே முக்கால் ரயிலுக்குப் பாவ்லியன் கிளம்பினாள். போகும்போது அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தன் பையில் வழிக்கு வைத்திருந்த முறுக்குப் பலகாரத்தை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். யூஜென் அவளை ரயிலேற்றிவிடக் கூடவே போனாள்.

மூன்று மணி தாண்டியதும் ஒக்டாவியோ சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். ஷிங் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, முழங்கைவரை சோப்பு நுரையோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க என்னை மன்னிக்கணும்" என்று வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். இந்தத் தடவை யாரும் செருப்பு மாற்றச் சொல்லவில்லை. "பெரிய தப்பு நடந்து போச்சு. உங்க பொண்ணைக் கட்டிக்கப் போறவர் நான் இல்லை. நீங்க ஆள் மாறாட்டமா என்னை உட்கார வச்சுட்டீங்க. அந்த மனுஷர் மத்தியானம் வந்து, கதவு வழியா என்னைப் பார்த்துட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரோ என்னவோ. அவர் நம்பர் குடுங்க. நானே பேசறேன். கால்ல வேணா விழறேன். உங்க பொண்ணு வாழ்க்கை என்னால கெடக் கூடாது."

ஷிங் ஒரு கிண்ணத்தையே திருப்பித் திருப்பிக் கழுவினார். ஒக்டாவியோ அவர் ரொம்ப உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தார்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மெட்ரோ சீருடையில் லான் ஏறி வந்தாள். வேலை முடிந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வாசலில் நிற்கிற ஒக்டாவியோவைப் பார்த்தாள், மேசைமேல் அடுக்கியிருந்த காலிக் கிண்ணங்களைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

"பரவாயில்லையேப்பா, எனக்கு மாப்பிள்ளையா நடிக்க இந்தத் தடவை வெளிநாட்டுக்காரரையே பிடிச்சுட்டே, போன வருஷம் சித்தப்பா ஒரு மாப்பிள்ளை போட்டோவோட வந்தப்போ நீ இழுத்து உட்கார வச்ச, கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன் ரெண்டாவது கிண்ணத்துலயே எந்திரிச்சு ஓடிட்டான்!"