இருபது நிமிட ஓய்வு

பரீட்சைக்கு நேரத்தைத் திட்டமிட்டுப் படிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி இதுவரை இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்து என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். (எஞ்சினியருக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை.) இரண்டு முறையும் காய்ச்சல் என்று பொய் சொல்லித் தப்பித்தேன். உலகத்திலேயே அருமையான டைம்டேபிளைப் போட்டு, அதை ஒரு நிமிடம்கூட மீறாமல் நடந்து, பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கே போய்ச் சேராத ஆள் நான் என்பதை எந்த மேடையில் சொல்வது?

எங்கள் ஊர் பெரியபட்டினம். நான் நடை பழகிய வருடம் வாப்பா சவுதிக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெட்டியோடு வருவார், நான் அவரைப் பழகி முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். நான் பிளஸ் டூ படித்த வருடம் அவருடைய ஒப்பந்தம் முடிய இருந்தது.

“நீ கணக்குல நல்ல மார்க் எடுத்து கவுன்சிலிங்ல சீட்டு வாங்கிட்டேன்னு வையி, நான் இங்கன கையெழுத்துப் போடாம ஊருக்கு வந்துருவேன்லே,” என்றார் போனில். “காசு கட்டித்தான் சேக்கணும்னா இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கணும்.”

ஆக, என் கணக்குப் பரீட்சையில்தான் வாப்பாவின் டிக்கெட் இருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்து டைம்டேபிள் போட்டேன்.

ஆறு கலர் ஸ்கெட்ச் பேனா, ஒரு முழு சார்ட். போட்டு முடிக்க நாலு நாள் ஆனது. (அந்த நாலு நாளில் வகைக்கெழுவை முடித்திருக்கலாம்.) குளிக்க ஏழு நிமிடம். சாப்பிடப் பன்னிரண்டு நிமிடம். தும்மல், இருமல், இதர வகைகளுக்கு ஐந்து நிமிடம். வாப்பாவிடம் பேசப் பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் தொடங்கியதும், அவர் எந்தச் சொல்லில் இருந்தாலும், “வாப்பா, டைம் ஆயிருச்சு,” என்று போனை உம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவரும் கோபப்பட்டதில்லை. “புள்ள படிக்கட்டும்,” என்பாராம். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

என் அறை ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில்கூட வெளிச்சம் வராதபடி செய்தித்தாள் ஒட்டினேன், வெளியே பையன்கள் பந்து விளையாடுவது தெரியக்கூடாதாம். செல்போனை உம்மாவிடம் ஒப்படைத்தேன். கதவில் ஒரு அறிவிப்பும் தொங்கவிட்டேன்: “யாரும் தட்டக்கூடாது.”

எங்கள் வீட்டு ஹாலில் ஒரே மாதிரி இரண்டு சுவர்க்கடிகாரங்கள் உண்டு. ஒன்று நம் ஊர் நேரம், இன்னொன்று சவுதி நேரம். வாப்பா எப்போது வேலையில் இருப்பார், எப்போது சாப்பிட்டிருப்பார் என்று உம்மா அதைப் பார்த்துத்தான் போன் செய்வாள். அது நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் ஓடும். எது எது என்று குழம்பாமலிருக்க என் லாத்தா (அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ‘நம்ம நேரம்’, ‘வாப்பா நேரம்’ என்று இரண்டு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். கடிகாரத்தில் அல்ல, கீழே சுவரில்.

கணக்குப் பரீட்சை நாள் வந்தது. பத்து மணிக்குப் பரீட்சை. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு முன்பே, பரீட்சை முடியும்வரை இருந்து எனக்காக துஆ கேட்க உம்மா தர்காவுக்குக் கிளம்பிவிட்டாள். (செல்போனும் அவளோடு போய்விட்டது.) நான் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் கரண்ட் இல்லை, என் அறை அலாரக் கடிகாரம் பேட்டரி தீர்ந்து நின்றிருந்தது. ஹாலுக்குப் போய் இருட்டில் கைக்கு அகப்பட்ட கடிகாரத்தைக் கழற்றி வந்து என் ஆணியில் மாட்டினேன். ஆறு மணிக்கு இருபது நிமிட ஓய்வு என்று சார்ட்டில் இருந்தது. அலாரம் வேண்டாம், உடம்பு பழகிவிட்டது என்று, அந்த இருட்டில் முள்ளைக்கூடப் பார்க்காமல் தலையைச் சாய்த்தேன்.

கண் விழித்தபோது கரண்ட் வந்து டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு இருபது! என்ன உடம்பு இது, என்ன ஒழுங்கு! எனக்கே என்மேல் மரியாதை வந்தது. இருபது நிமிடத் தூக்கத்தில் இவ்வளவு தெம்பா என்று வியந்தபடி மேட்ரிக்ஸ், வெக்டார் எல்லாவற்றையும் நிதானமாகத் திருப்பிப் பார்த்தேன்.

ஏழே முக்காலுக்குக் குளியல். கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் இடியாப்பம் ஆறிக் காய்ந்திருந்தது. கல்லூரிக்குப் போகிற லாத்தா, அறிவிப்பை மதித்துக் கதவைத் தட்டாமல், வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். சுவரில் மிச்சமிருந்த கடிகாரம் பத்தேகால் காட்டியது. சவுதியில் பத்தேகால் என்றால் நமக்குப் பன்னிரண்டே முக்கால் ஆகியிருக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டேன். என் அறைக் கடிகாரத்தின் ஏழே முக்காலோடு ஒத்துவரவில்லை. (அன்று நான் போட்ட ஒரே கணக்கு அதுதான்.) சவுதிக்காரர்கள் நேரத்தை மாற்றிவிட்டார்கள் போல என்று முடிவுக்கு வந்து பல் விளக்கப் போனேன்.

துண்டை எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே இருந்த தாளைப் படித்தேன். ‘நம்ம நேரம்.’

வாயில் பேஸ்ட் நுரையோடு தெருவுக்கு ஓடினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டு காதர் மாமா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னலே, அதுக்குள்ள பரீச்சை முடிஞ்சிருச்சா?” என்றார்.

“மாமா, நான் இன்னும் போகவேயில்ல மாமா!”

“யா அல்லா! ஏறுலே!”

மாமா ஓட்டிய வேகத்தில் பாதி வழியிலேயே நாங்கள் மவுத்தாகியிருக்க வேண்டும். தேர்வு மையத்தை அடைந்தபோது பத்தே முக்கால் தாண்டியிருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு ஆசிரியர் நின்றார்.

“நேரம் தாண்டிருச்சு தம்பி. இனிமே உள்ள விட எங்களுக்கு உரிமை இல்ல.”

நான் அழுதேன், கம்பியைப் பிடித்துக் கெஞ்சினேன். கடைசியில், சட்டைப் பையில் எட்டாக மடித்து வைத்திருந்த டைம்டேபிளின் நகலை எடுத்து, சோம்பேறித்தனத்தால் தாமதமாகவில்லை என்பதற்குச் சாட்சியாகக் கம்பி வழியே நீட்டினேன். அந்த நல்ல மனிதர் அதை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

“நல்லாத்தான் போட்டிருக்கே,” என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை வாப்பாவிடம் நான்தான் சொன்னேன். “போகட்டும்லே. அல்லா நாடுனது அம்புட்டுத்தான். நீ சாப்ட்டியா?” என்றார். துணைத்தேர்வு எழுதித் தேறினேன், ஆனால் அதற்குள் நான் ஆசைப்பட்ட கவுன்சிலிங் சீட்டெல்லாம் போய்விட்டது. வாப்பா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்த இரண்டு வருடத்துக்குள் லாத்தாவின் நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளைக்கும் வெளிநாட்டு வேலை, ஒரு மாத லீவு, தள்ளிப்போட வழியில்லை. வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தன் சார்பில் பெண்ணைக் கொடுக்க என்னை வக்கீலாக நியமித்துப் போனிலேயே சொன்னார். பெண்ணின் தகப்பன் உட்கார வேண்டிய இடத்தில், பத்தொன்பது வயதில், தொளதொளச் சட்டையோடு நான் உட்கார்ந்தேன், ஓதுவதை வாப்பா கேட்கட்டும் என்று போனை லைனில் வைத்தபடி. பதினொரு மணி நிக்காஹுக்கு ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாண வீடியோவின் ஆரம்பத்தில் வீடியோக்காரர் லைட்டைச் சோதித்துக்கொண்டிருப்பார், காலியான மண்டபத்தில் விரிப்பின்மேல் தனியாக நான், பிடித்துவைத்த பொம்மை மாதிரி. பக்கத்தில் ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டே வந்து என்னையும் சேர்த்துக் கூட்டப் பார்ப்பார். பெருநாளுக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் இன்றைக்கும் அந்த வீடியோவைப் போடாமல் விடமாட்டார்கள். “மாப்ள பொறக்குறதுக்கு முன்னாடியே வந்துட்டான்யா!” என்று காதர் மாமா கத்துவார், வீடே உருண்டு புரண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஊருக்குத் திரும்பி வந்துவிட்ட வாப்பா எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார்.

நிக்காஹ் ஓதுகிற இடம் வந்ததும் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விடுவார்கள், பெண்கள் சமையலைப் பார்க்கப் போய்விடுவார்கள். வாப்பா மட்டும் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“சத்தத்தைக் கூட்டுலே,” என்பார் என்னிடம். “அன்னைக்கு போன்ல எனக்குச் சரியாக் கேக்கல.”