நகர்வன வரையப்படா

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம் என்று எழுதினால் உங்கள் தங்கை வருத்தப்படுவாள். நலமில்லை என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். ஆகவே நடுநிலையாக இருக்கிறேன். அங்கு அனைவரும் நலம்தானே?

என் ஓவியப் புத்தகத்தைப் பற்றி அவள் அங்கு வந்ததும் சொல்லியிருப்பாள். விட்டதை நான் சொல்கிறேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன் நான். பிறகு நீர்வண்ணம் பழகி, எங்கள் ஊரின் தெருக்கள், ஏரி, பேருந்து நிலையம், மலையடிவாரம் எல்லாவற்றையும் வரைந்து, வழவழப்பான தாளில் புத்தகமாகவே போட்டுவிட்டேன். முன்னுரையில் உங்களுக்கும் நன்றி உண்டு, குறுக்கே வராததற்காக. அலுவலகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான்: தரையோடு ஒட்டியிருப்பதை வரை, நகர்வதை விடு. மாடோ மனிதனோ வரைபடத்தில் ஏறக் கூடாது, நாளைக்கு அங்கே இருக்க மாட்டார்கள். தூரிகை பிடித்த பிறகும் கை அந்த விதியை விடவில்லை. விளைவு, புத்தகத்தில் ஊர் முழுவதும் இருக்கிறது, ஊரார் ஒருவரும் இல்லை.

நூலகத்தில் வெளியீடு நடந்தது. சலூன்காரர்தான் முதலில் புரட்டினார்.

"கடை ஜோரா வந்திருக்கு சார். நாற்காலி மெத்தையில கிழிசல்கூட இருக்கு. ஆமா, நான் எங்க?"

"நாற்காலி தரையோட போல்ட் போட்டதாச்சே."

"அப்ப என்னையும் போல்ட் போட்டிருந்தா வரைஞ்சிருப்பீங்க?"

வரைந்திருப்பேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் கடைப் பக்கம் போக முடியாமல் முடி காதை மூடிவிட்டது. இப்போதுதான் பார்ப்பதற்கு ஓவியன் மாதிரி இருக்கிறேன். "ஊரக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விட்டுட்டு வரைஞ்சீங்களா சார்?" என்று பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழிப்பவர் வேறு கேட்டார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் எங்கள் வீடு. உங்கள் தங்கை சாயங்காலமானால் நிற்கும் மாடிக் கைப்பிடிச் சுவர், அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டி, தொட்டி மூடியில் விழுந்த விரிசல் உட்பட.

"என்னங்க, தொட்டி இருக்கு. நான் எங்க?"

"தொட்டி நகராதும்மா."

"முப்பது வருஷமா நானும் அங்கயேதான நிக்கிறேன்?"

"நிக்கிறதான். இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கே."

"சரி, உங்க விதி பொய்யாக வேணாம்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டில் இப்போது எதுவும் நகரவில்லை. என் விதிப்படி வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது, இருக்கத்தான் முடியவில்லை. சரி, அவளையும் மாடியில் சேர்த்து வரைந்து எடுத்துக்கொண்டு அங்கு வரலாம் என்று உட்கார்ந்தேன். முதல் படத்தில் தொட்டி மாதிரி இருந்தாள். இரண்டாவதைப் பார்த்தபோது தொட்டியே தேவலை என்றிருந்தது. தெருவிளக்குக் கம்பம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் எனக்கு, மனைவியின் முகம் பிடிபடவில்லை. உதட்டோரத்து மச்சம் மட்டும் பளிச்சென்று நினைவிருக்கிறது, ஆனால் அது இடமா வலமா என்பதில் குழப்பம். அவளுக்குத் தெரியாமல், சாப்பிடும்போது ஓரக்கண்ணால் பார்த்து எழுதுங்கள். வந்து மன்னிப்புக் கேட்டு அழைத்துப்போகிறேன். என் பிழைப்பு உங்கள் ஓரக்கண்ணில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு நீண்ட ஆயுளும் அதைவிட நீண்ட பொறுமையும் வாய்க்க வேண்டும்; பொறுமை எனக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோ கண்ணில் பட்டது. பூதக்கண்ணாடி வைத்தே பார்த்துவிட்டேன். உங்கள் தங்கைக்கு மச்சமே கிடையாது. பக்கத்தில் நிற்கும் உங்களுக்குத்தான் இருக்கிறது, இடப்பக்கம். ஆகவே அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், இந்தக் கடிதத்தையும் அவள் பார்க்க வேண்டாம். எந்தப் பக்கமானாலும் இருக்கட்டும் என்று இரண்டு விதமாகவும் வரைந்துவைத்திருந்தேன். இடப்பக்கம் மச்சம் வைத்த படம் அச்சு அசலாக நீங்கள்தான். கொண்டை உங்களுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.