ஒரு கறிவேப்பிலைச் செடியின் சந்தேக மரணம்

என் பெரியக்காவின் கணவரை நான் ஒருநாளும் கொல்ல நினைத்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாம்பாரில் கை வைக்கிறார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தொழில். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறேன். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் திரையில் அந்த ஊர்க்காரி எங்கே வாயை மூடுகிறாளோ, அங்கே நம் வசனமும் வாயை மூட வேண்டும். அவள் இரண்டு சொல்லில் திட்டினால் நாமும் இரண்டு சொல்லில் திட்ட வேண்டும். (தமிழில் இரண்டு சொல்லில் திட்டுவதைப் போலக் கஷ்டம் வேறில்லை. நமக்கு ஆரம்பிக்கவே பத்துச் சொல் வேண்டும்.)

சில வருடங்களுக்கு முன், எனக்கு முப்பத்திரண்டு வயதாக இருந்தபோது, முதன்முதலாக ஒரு முழுத் தொடர் கைக்கு வந்தது. ஏதோ ஒரு குளிர் நாட்டுக் கதை. ஒரு அக்கா, ஒரு தங்கை, ஒரு தம்பி. அக்காவின் புருஷன் செத்துப்போகிறான். விபத்தா, யாராவது செய்ததா, தெரியாது. அவன் உயிரோடு இருந்தபோது இந்த மூன்று பேரும் அவனை ஒழித்துக்கட்ட என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதுதான் எட்டு எபிசோடும். பார்த்தால் சிரிப்பு வரும், பிறகு சிரித்ததற்காக வெட்கமும் வரும்.

எழுத ஆரம்பித்த அன்றே ஒரு சிக்கல். அந்த ஊரில் அக்கா புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நம் வீட்டில் முடியுமா? கொலையே செய்தாலும் மரியாதை குறையலாமா? எனவே தங்கை, தம்பி வாயில் வரும் இடமெல்லாம் பேரை எடுத்துவிட்டு ‘மாமா’ என்று போட்டேன். மனைவி வாயில் ‘அவரு’. உதட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. தமிழ்ப் பண்பாட்டையே காப்பாற்றிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு காப்பி குடித்தேன்.

எழுதியதை யாராவது வாய்விட்டுப் பேசிப் பார்த்தால்தான் இயல்பாக இருக்கிறதா என்று தெரியும். எனக்குக் கிடைத்த நடிகைகள் என் அக்காக்கள் இருவர். பெரியக்கா கலாவின் வீடு தொம்மலூரில், கன்னடம் கலந்த தமிழ் பேசும் பழைய ஊர்ப்பக்கம், சந்துக்குள் ஒரு மாடி. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சின்னக்கா சுமதி ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். சனிக்கிழமை நாலு மணிக்கு மாமா வாக்கிங் கிளம்புவார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கியதும் நாங்கள் மூவரும் காகிதங்களை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

மாமாவிடம் ஏன் மறைத்தோம் என்று கேட்பீர்கள். கதையை வெளியாட்களிடம் சொல்ல மாட்டேன் என்று கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அக்காக்கள் வெளியாட்களா என்ன? ஆனால் மாமா வெளியாள் என்று முடிவு செய்தவன் நான்தான். முப்பது வருடமாக எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நின்ற மனுஷரை, ஒரு கையெழுத்தை நம்பி வெளியே நிறுத்தினேன். இன்று நினைத்தாலும் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மாமா அரசாங்க நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். நன்றாக இல்லாவிட்டாலும் அதே மாதிரி பேசாமல் சாப்பிடுவார். பெரியக்காவும் அவரிடம் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுப் பல வருடமாகியிருந்தது. அப்படிப்பட்டவள், காகிதத்தைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிப்போனாள். அழ வேண்டிய இடத்தில் நிஜமாகவே அழுதாள். இவ்வளவு நடிப்பை எந்த டப்பாவில் போட்டு மூடிவைத்திருந்தாள் என்று எனக்கும் சின்னக்காவுக்கும் ஒரே ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை, நாலரை மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் திரும்பிய மாமா, சத்தம் போடாமல் மாடியேறி, வாசலில் நின்று ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே நாங்கள் ஐந்தாம் எபிசோடில் இருந்தோம்.

“காளான்ல மாமா தப்பிச்சிட்டாரு. அடுத்தது படிக்கட்டு,” என்றாள் சின்னக்கா.

“படிக்கட்டுல விழுந்து கைகால் மட்டும் ஒடஞ்சா? அவருக்கு வாழ்நாள் பூரா நான்தானே வேலை செய்யணும்?” இது பெரியக்கா.

“அப்ப கீசர்தான். விபத்து மாதிரியே இருக்கும்,” என்றேன் நான்.

“நாம அழணும். கொஞ்சமாச்சும் அழணும். இல்லேன்னா எல்லாருக்கும் சந்தேகம் வரும்,” என்று பெரியக்கா சொல்ல, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். (அந்த ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் சிரித்தார்கள், அதனால் நாங்களும் சிரித்தோம். கலைக்கு நேர்மையாக இருந்தோம்.)

மாமா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். எங்களுக்கு இது தெரியாது.

அடுத்த வாரம் பெரியக்கா எனக்குப் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

“சேகரு, அவரு வீட்ல சாப்பிடவே மாட்டேங்கிறாருடா. வயிறு சரியில்லங்கிறாரு. டாக்டர்கிட்ட போலாம்னா ‘பேடா, பேடா’ன்னு வேணாங்கிறாரு. ஆனா சட்டையில மசால் தோசை வாசனை வருது. வயிறு சரியில்லாதவரு எதுக்கு மசால் தோசை சாப்பிடணும்?”

“சும்னே எதாவது கற்பனை பண்ணாதக்கா.”

“இல்லடா. படியிறங்கும்போது ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சிக்கிறாரு. இந்தக் குளிர்ல பச்சத் தண்ணியில குளிக்கிறாரு. அவருக்கு ஏதோ பெரிய வியாதி வந்திருக்கு. எங்கிட்ட மறைச்சிட்டு, ஆசப்பட்டதையெல்லாம் வெளிய சாப்பிட்டுட்டு இருக்காரு.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

காளான், படிக்கட்டு, கீசர். எழுதியவன் நான். மூன்றும் என் காதில் வரிசையாக விழுந்தும் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. “நிலவேம்புக் கஷாயம் குடுத்துப் பாரு” என்று வைத்தியம் சொன்னேன்.

அக்கா தினமும் கஷாயம் வைத்தாள். கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுப்பாள். அந்தக் கசப்பு மணம் மூக்கில் ஏறியதும் மாமா, “பால்கனியில காத்தாட குடிக்கிறேன்” என்று எடுத்துப்போய், அங்கே தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். கொதிக்கும் கஷாயத்தைத் தினமும் குடித்தால் எந்தச் செடி தாங்கும்? பத்தே நாளில் இலையெல்லாம் கொட்டிக் கருகிப்போனது. அந்தக் காய்ந்த குச்சிக்கு எதிரே நாற்காலி போட்டு மாமா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். செடி போனதற்காக இப்படி வருந்துகிறாரே என்று அக்காவுக்கு இன்னும் பாசம் கூடிவிட்டது.

அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். எபிசோடு குழம்பக் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கொலை முயற்சியையும் பெரியக்கா ஒரு தாளில் குறித்துவைத்திருந்தாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்தத் தாளை அவள் பழைய பேப்பர் கட்டில் வைத்து மறந்துவிட்டாள். அதைக் கடைக்குப் போட எடுத்தவர் மாமா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்னையும் சின்னக்காவையும் மாமாவே போன் செய்து வரச்சொன்னார். போனால், ஒக்கலிபுரத்திலிருந்து அவருடைய அக்கா ருக்மணியம்மாவும், தம்பி கோவிந்துவும் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் மூன்று உடன்பிறப்புகள், இந்தப் பக்கம் மூன்று. நடுவில் டீப்பாயில் அந்தத் தாள்.

“இது யாரு எழுத்து கலா?” என்றார் ருக்மணியம்மா.

“என் எழுத்துதான் அண்ணி.”

“வாய்விட்டுப் படி.”

அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று படித்தாள். “ஒண்ணு, காளான். வாந்தியெடுத்துப் பிழைத்துவிடுகிறார். ரெண்டு, படிக்கட்டு. நாய் குறுக்கே வந்ததால் நடக்கவில்லை. மூணு, கீசர். நாலு...” அங்கே நிறுத்திவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. மசால் தோசை, கம்பி, பச்சைத் தண்ணீர், எல்லாம்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சொல்லுடா” என்றது அந்தப் பார்வை.

இந்த இடத்தில் நான் சொன்ன வாக்கியத்தை என் எதிரிக்கும் சொல்ல வாய்க்கக் கூடாது. எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதப் பத்தி வெளியாளுங்ககிட்ட பேச எனக்கு அனுமதி இல்ல” என்றேன்.

(ஆமாம். அப்படியே சொன்னேன். கம்பெனிக்காரன்கூட அந்த நேரத்தில் என்னை மன்னித்திருப்பான்.)

“அனுமதி இல்லியா? ஸ்டேஷன்ல வந்து பேசு, அனுமதி குடுப்பாங்க!” என்று கோவிந்து போனை எடுத்தார். சின்னக்கா என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த அடியில்தான் கையெழுத்து, கம்பெனி, கலை எல்லாம் கலைந்து, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன்.

சொன்னால் நம்பவில்லை. நடித்துக்காட்டச் சொன்னார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டேன். நாங்கள் மூவரும் திரைக்குப் பக்கத்தில் நின்று, அன்று மாமா கேட்ட அதே காட்சியைப் பேசினோம். பெரியக்கா கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, திரையில் இருந்தவளின் உதடு பிசகாமல் பேசினாள். ‘கொஞ்சமாச்சும் அழணும்’ என்ற இடத்தில் அவள் அழுதது நடிப்பில்லை. யாரும் சிரிக்கவில்லை.

காட்சி முடிந்தது. கோவிந்து போனைப் பைக்குள் வைத்தார். ருக்மணியம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், “நாலாவது என்ன பண்ணாங்க? அந்த ஆளு எப்பிடித்தான் செத்தான்?” என்றார்.

பெரியக்கா மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருஷம். நான் பண்ணுவேன்னு நெனச்சிட்டீங்க.”

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஆபீசில் அளவு குறிக்கும் பழக்கத்தில் எப்போதும் வைத்திருக்கும் நோட்டு. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தே பேசினார்.

“மொதல்ல நம்பல கலா. அப்புறம், உனக்கு என்ன காரணம் இருக்கும்னு யோசிச்சு எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்துல முடிஞ்சிடும்னு நெனச்சேன். நாலு பக்கம் போச்சு.”

அக்கா நோட்டை வாங்கிப் படித்தாள். பிறகு நாங்களும் படித்தோம். தையல் மெஷின் கேட்டாள், வாங்கித் தரவில்லை. சின்ன மச்சினி கல்யாணத்துக்கு லீவு போடவில்லை, தாலி கட்டும்போதுதான் போனேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆபீசுக்குப் போய்விட்டேன். ஒரு நாளும் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

“அதப் பார்த்ததும் இவங்களக் கூப்பிட வேணாம்னு இருந்தேன். செடியும் செத்து, இந்தத் தாளும் கெடச்சப்புறம்தான் பயந்துட்டேன்,” என்றார்.

அக்கா நோட்டை மூடிவைத்துவிட்டு, “மூணு வேளையும் வெளிய சாப்டீங்க. காப்பி மட்டும் எங்கிட்ட குடிச்சீங்களே, அது எப்பிடி?” என்று கேட்டாள்.

“அதுல எதையும் கலக்கி அதோட ருசியக் கெடுக்க உனக்கு மனசு வராது,” என்றார் மாமா.

முப்பது வருடத்தில் அவர் அக்காவின் சமையலைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அக்கா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ரசம் தாளிக்கும் சத்தம் கேட்டது. கறிவேப்பிலை இல்லாத ரசம்தான். ஆறு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோவிந்து மட்டும் மாமா சாப்பிட்டு ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சாப்பிட்டார்.

தொடர் பிறகு வெளியானது. ருக்மணியம்மா மூன்று முறை பார்த்துவிட்டார். மாமா ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, “அந்த ஆளும் ஒரு நோட்டு வாங்கியிருக்கலாம்” என்றார். புதுத் தொட்டியில் புதுக் கறிவேப்பிலை வந்துவிட்டது. அதற்கு நிலவேம்பு காட்டுவதில்லை.

என் தண்டனை மட்டும் இன்னும் முடியவில்லை. தொம்மலூருக்கு எப்போது போனாலும், மாமா தன் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்து, “சாப்பிடு சேகரு, அனுமதி இருக்கு” என்று என் வாயில் திணிப்பார். நான் விழுங்கி, உயிரோடு இருப்பதை எல்லாரும் பார்த்த பிறகுதான் பந்தி தொடங்கும். அப்புறம் அவர் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாருக்கு கலா” என்பார். ஒரு நாளும் தவறுவதில்லை.

“விஷம் அளவா இருக்கா?” என்று உள்ளேயிருந்து அக்கா கேட்பாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்று மாமா தட்டை நீட்டுவார்.