அட்வான்ஸ் வாங்கிய சீனா போன்

உலகத்தில் காத்திருக்கத் தெரியாதவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால், எங்கள் 'அட்வான்ஸ்' சார் அந்த வரிசையிலும் நிற்காமல் நேராகக் கவுன்ட்டருக்குப் போய்விடுவார்.

மலைமேலிருக்கும் ஜமுனாமரத்தூரில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் பக்கத்து மேஜை அவருடையது. மத்தியானச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்கே முடித்துவிடுவார். தீபாவளிச் சட்டையை ஆயுதபூஜைக்கே போட்டுக் கறையாக்கிவிட்டு, தீபாவளியன்று பழைய சட்டையில் வந்து வாழ்த்துச் சொல்வார். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் சீனாவில் புது போன் ஒன்று வெளியானது. இந்தியாவுக்கு எப்போது வரும் என்று அந்தக் கம்பெனியே சொல்லவில்லை. அட்வான்ஸுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

"சார், அங்கேர்ந்து நேரா அனுப்புற வெப்சைட் ஒண்ணு கீது. ஆர்டர் போட்டுட்டேன்!"

"ரிப்பேர் ஆனா எங்க எடுத்துனு போவீங்க?"

"அபசகுனமா பேசாதீங்க சார். இந்த மலைலயே நாந்தான் மொத ஆளு."

மலைக்கு அந்தக் கூரியர் வராது. அதனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மலைக்குக் கீழே கண்ணமங்கலத்திலிருந்த என் மாமியார் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டார். என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் போயிருந்தாள். வளைகாப்புக்கு முதல் நாளே போய் நின்றவர் என்பதால் விலாசம் அவருக்கு மனப்பாடம்.

அப்புறம் ஆரம்பித்தது என் கஷ்டகாலம். நான் கணக்குக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, "சார், ஷாங்காய் தாண்டிடுச்சு!" என்பார். விட்ட இடம் மறந்து மறுபடி கூட்டினால், "சார், கஸ்டம்ஸ்ல மாட்டிகிச்சு!" என்பார். பார்சல் எங்கே இருந்தாலும் என் தலையில்தான் விழுந்தது.

பார்சல் வந்து சேருவதற்குள் அந்த போன் இந்தியாவிலேயே வெளியாகிவிட்டது! வேலூர்க் கடைகளில் பேனர் கட்டியிருந்தார்கள். தமிழ் உண்டு, வாரண்ட்டி உண்டு, கவர் இலவசம். பரம திருப்தியோடு அவரிடம் சொன்னேன்.

"அது இந்தியாவுக்குன்னு கொறச்சி செஞ்சது சார். நம்மளுது ஒரிஜினல்," என்றார் அசராமல். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டை ஒரு மணிக்குத்தான் பிரித்தார்.

ஒருவழியாக மாமியார் கூப்பிட்டார்கள். "மாப்ள, சீனாலேர்ந்து இன்னாவோ டப்பா வந்துகீது. வெடிக்காதுல்ல?"

ஞாயிற்றுக்கிழமை என் பைக்கில் இருவரும் போய் வாங்கிவந்தோம். திரும்பும்போது மலைப்பாதையில் பேய்மழை. பின்னாலிருந்தபடியே என் ரெயின்கோட்டை உருவி டப்பாவைச் சுற்றினார்.

"யோவ், என் பாக்கெட்லயும் போன் கீதுய்யா!"

"உங்களுது பழசு சார்!"

ஊர் வந்து சேர்வதற்குள் என் போன் உயிரை விட்டது. மழையில் மலை முழுக்கக் கரண்டு போய், செல்போன் டவரும் படுத்துவிட்டது. டீக்கடையில் ஒதுங்கிப் புது போனைத் திறந்தார். எங்கே தொட்டாலும் ஒரு பெண் குரல் சீன மொழியில் உரக்கப் பேசியது. நிறுத்த வழி தெரியவில்லை.

"இன்னா சார், வூட்டம்மா திட்றாங்களா?" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை ஆடிட். வந்த அதிகாரி கேட்ட ஃபைல் எல்லாம் அட்வான்ஸின் பொறுப்பு. அட்வான்ஸைக் காணோம்! அவர் பீரோவைக் குடைந்து, அவர் கணக்குக்கு நான் பதில் சொல்லி, அவருக்குச் சேரவேண்டிய திட்டையும் நானே வாங்கிக்கொண்டேன். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தாலும், கண்ணமங்கலத்திலிருந்து தகவல் வர வழியில்லாத கவலை வேறு.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை.

"எங்கய்யா போய்ட்டீங்க? இங்க என் மானமே போவுது!" என்று எழுந்தேன்.

புது போனை நீட்டினார். ஒரு வீடியோ. ஏதோ ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "இது முன்பக்கக் கேமரா. இப்ப பின்பக்கம் பாக்கலாம்," என்று அவரே பேசிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்தேன். அடுத்து ஒரு வராண்டா ஆடியது. என் மாமியாரின் முழங்கை வந்தது. அப்புறம், துண்டில் சுற்றிய செக்கச்செவேலென்று ஒரு முகம். இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"பொண்ணு சார். விடிகாலைல. தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க."

"நீங்க எப்படி அங்க…?"

"டாக்டர் சொல்ற தேதிய யாரு சார் நம்புறது? அதான் மொத பஸ்ஸ புடிச்சு உங்க மாமியார் வூட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு போய்ட்டாங்கன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. வர்றப்ப ரோட்ல மரம் வுழுந்து கெடந்துச்சு. பஸ்ஸ வுட்டு இறங்கி மீதி வழிய நடந்தே வந்துட்டேன். இங்க டவரும் உங்க போனும் உசுரோட இருந்தா அங்கேர்ந்தே அனுப்பிருப்பேன்."

ஆடிட் அதிகாரியும் எழுந்துவந்து என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தார்.

காலையிலிருந்து அட்வான்ஸுக்காகச் சேர்த்துவைத்திருந்த வசவையெல்லாம் அப்படியே தள்ளுபடி செய்தேன். என் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டேன்.

"உக்காருங்க சார். கால்ல ரத்தம் வருது பாருங்க."