டென்மார்க் மாப்பிள்ளையின் தட்டு

மீன் சூப்புப் பானையின் அடியில் கரண்டி தட்டியதும் பிரோஷ்கா குனிந்து உள்ளே பார்த்தாள். இரண்டு வேளைக்கு வைத்த சூப்பு. வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மிச்சம் முழுவதையும் முடித்தவன் சோரன்.

மகள் திமேயா டென்மார்க்கில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து கூட்டி வந்திருக்கும் வருங்கால மாப்பிள்ளை அவன். ஹங்கேரியில் இருக்கும் இந்தச் செகெட் நகரத்துக்கு இப்போதுதான் முதல் தடவையாக வருகிறான். நல்ல உயரம், நல்ல குணம், ஓயாத வாய்.

பிரோஷ்காவுக்கு அவனிடம் வேண்டியது ஒன்றுதான்: கல்யாணத் தேதி. ஒற்றை மகள். தெருவே திரண்டு வந்து விடிய விடிய ஆட வேண்டும், பாதி ஆட்டத்தில் பெண் வெள்ளை உடையை மாற்றிச் சிவப்பு உடையில் வந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. மண்டபக்காரர் வேறு நச்சரிக்கிறார். ஆனால் சாப்பிடுகிற விருந்தாளியிடம் காரியப் பேச்சு பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவர் தட்டைக் காலியாக விடுவதோ அதைவிடப் பெரிய அவமானம்.

"அப்புறம் சோரன், நீங்க ரெண்டு பேரும் எப்ப..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, அவர் தட்டைப் பாரு," என்றாள் திமேயா.

காலி. கறி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் வந்து மலையாக இறங்கியது.

"எல்லாத்தையும் சாப்பிடணுமா?" என்று சோரன் தன் மொழியில் மெல்லக் கேட்டான்.

"மிச்சம் வச்சா அம்மா அழுதுடுவாங்க," என்று திமேயாவும் அதே மொழியில் சொன்னாள்.

சோரன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. சாப்பிட்டான்.

பிரோஷ்கா கணவனை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். "வெண்டல், நாளைக்கு வச்சிருக்கற வாத்தையும் எடுத்துடவா?"

"எடு. நாளைக்கு நாம காத்தைக் குடிச்சுக்கலாம்."

"கிண்டல் பண்ணாதே. போய் ஒரு பாலிங்கா ஊத்து. கொஞ்சம் அடங்குவான்."

வெண்டல் தானே வடித்த பழச் சாராயத்தை ஊற்றினான். அது ஜீரணத்துக்குப் பேர் போனது என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். வாத்து எலும்பாயிற்று.

ஏதாவது கைமாற்றுக் கேட்கலாம் என்று பிரோஷ்கா வேலிப் பக்கம் ஓடினாள். பக்கத்து வீட்டு எடெல்கா கசகசா ரோல் தட்டோடு, மாப்பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் தானே வந்தாள்.

"தேதி கேட்டியாடி?"

"அவன் வாய் ஓய்ஞ்சாத்தானே கேக்கறது."

கேட்க வாயெடுத்த போதெல்லாம் திமேயா தட்டைக் காட்டினாள். ரோலும் தீர்ந்தது. அலமாரியில் உப்பும் மிளகாய்த்தூளும்தான் பாக்கி.

"கடைக்குப் போய் ரொட்டியாவது வாங்கிட்டு வரவா?" என்று திமேயா அவசரமாக எழுந்தாள்.

"உட்காரு," என்றாள் பிரோஷ்கா. அவள் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை வந்த முதல் நாளே பானை கவிழ்ந்து கிடப்பது எந்தத் தாய்க்குத் தாங்கும்? "மன்னிச்சுக்கோங்க தம்பி. வீட்ல இனிமே ஒண்ணும் இல்ல."

சோரன் முகம் மலர்ந்தது. இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, வகுப்புக்குப் போய்க் கற்ற ஹங்கேரிய மொழியில் நிதானமாகச் சொன்னான்:

"போதும் அத்தை. போன மாசம் எங்க கல்யாணத்துல கூட நான் இவ்வளவு சாப்பிடல."