நிச்சயத்தன்று புகைந்த இக்னிஷன்

பெண் பார்க்கப் போன வீட்டில் நான் முதலில் மனதைப் பறிகொடுத்தது ஓர் எஞ்சினிடம். இதை என் மனைவி எஸ்தரே ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டதால், ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை.

மணவாள நகரில் அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கேசரி தின்ற கையோடு எஸ்தரின் அண்ணன் ஜெபராஜ் என்னை அங்கே அழைத்துப் போனார். சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் யாரோ ஓட்டிய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட். பிறகு பல வருஷம் ஒரு நிலக்காரர் வீட்டில் கோழி அடைக்கப் பயன்பட்டிருக்கிறது. நான்கு வருஷமாக, ஃபேக்டரி ஷிப்ட் போக மிச்ச நேரமெல்லாம், தானும் தங்கையுமாக எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருப்பதாக ஜெபராஜ் சொன்னார். ('தங்கையுமாக' என்பது என் காதில் விழவே இல்லை.) பானெட்டைத் தூக்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். சத்தியமாக. சர்ச் வாசலில் வருகிற பயம் அந்த எஞ்சினைப் பார்த்து வந்தது.

"எல்லாம் முடிஞ்சிச்சி மாப்ள. இக்னிஷன் ஒண்ணுதான் பாக்கி. பழைய மாதிரி பாயிண்டே வெச்சிக்கலாமா, எலக்ட்ரானிக் போட்டுக்கலாமா? நீங்கதான் அந்த லைன்லயே கீறீங்களே, சொல்லுங்க."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பையன் கும்மிடிப்பூண்டியில் இக்னிஷன் காயில் செய்கிற கம்பெனியில் பெரிய கை என்று தரகர் சொல்லியிருந்தார். கம்பெனி சரி. ஆனால் நான் இருந்தது பேக்கிங்கில். காயிலை அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது என் வேலை. யோக்கியன் என்றால் அதை அங்கேயே சொல்லியிருப்பான்.

"பாயிண்டெல்லாம் இப்ப எவன் மச்சான் வெக்கறான்? எலக்ட்ரானிக்தான். நானே வாங்கியாந்து நானே மாட்டித் தரேன்" என்றேன்.

பெட்ரோலுக்குத் தீ வைக்கிற பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் இக்னிஷன். அந்தப் பொறியைக் கிளப்புவது காயில். பாயிண்ட் என்பது தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு குட்டி முனைகள். எலக்ட்ரானிக் என்பது தொடாமலே அந்த வேலையைச் செய்யும் ஒரு சின்னப் பெட்டி. இவ்வளவும் அன்றிரவு ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொண்டது.

நிச்சயத்தன்று எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதுவும் மாப்பிள்ளை கையால், என்று ஜெபராஜ் முடிவு செய்தார். காலையிலேயே போய்ப் பெட்டியை மாட்டினேன். இரண்டு ஸ்க்ரூ, இரண்டு ஒயர். எஸ்தர் கதவோரம் நின்று, "பாடிக்குப் போறது எதுன்னு பாத்துக்கினீங்களா?" என்றாள்.

"எங்களுக்குத் தெரியாததா?" என்றேன். (என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும் வாக்கியங்களில் இதற்குத்தான் முதலிடம்.)

மோதிரம் மாற்றுவதற்கு முன் எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். பாஸ்டர் பானெட்டில் கை வைத்து ஜெபித்தார். "அக்கினிமயமான தேவனே, இந்த இயந்திரத்தின்மேல் இறங்கும்!" ஆமென் சொல்லிச் சாவியைத் திருப்பினேன்.

இறங்கியது. பானெட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை.

"யப்பா, பொண்ண இட்டுக்கினு தள்ளி வாங்கப்பா!" என்று எஸ்தரின் பெரியம்மா கத்தினார். பாஸ்டர் கையைப் பார்த்துக்கொண்டார். என் அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

எஸ்தர் மட்டும் பட்டுப்புடவையோடு உள்ளே குனிந்து பார்த்தாள். "இதுல பிளஸ்ஸுதான் பாடிக்குப் போவுது. நீங்க மைனஸ்ஸுன்னு நெனச்சி மாட்டிக்கீறீங்க." ஊரில் ஓடும் எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸைத்தான் பாடியோடு இணைத்திருப்பார்கள். இந்த மாதிரிச் சில பழைய வண்டிகளில் மட்டும் தலைகீழ். கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அவள் நிமிர்ந்தாள். "கம்பெனில இன்னா வேல பாக்கறீங்க?"

நாற்பது பேர் என்னையே பார்த்தார்கள். ஜெபராஜின் முகத்தில் நான்கு வருஷ உழைப்பு கருகிக்கொண்டிருந்தது. இன்னொரு பொய்யும் நாக்கு நுனி வரை வந்தது. இந்தக் கல்யாணம் இனி நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் ஓர் உண்மையையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"பேக்கிங்" என்றேன்.

எஸ்தர் முந்தானையைச் செருகிக்கொண்டு, "அந்த டார்ச்சப் புடிங்க" என்றாள். கருகிய பெட்டியைக் கழற்றிப் போட்டாள். டிராயரிலிருந்து பழைய பாயிண்டை எடுத்து எமெரித் தாளில் தேய்த்து மாட்டினாள். இடைவெளி அளக்கும் தகடு கைக்கு அகப்படவில்லை. சீட்டில் கிடந்த யாருடையதோ கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் விட்டு, அந்த அட்டை கனத்துக்கு இடைவெளி வைத்தாள். பிறகு பொறி விழும் பிளக் ஒன்றைக் கழற்றி, எஞ்சினோடு ஒட்டிவைத்து, அண்ணனைச் சாவியைத் திருப்பச் சொன்னாள்.

டிக். நீலமாக ஒரு பொறி. இன்னொன்று.

ஆயிரக்கணக்கான காயில்களுக்கு டேப் ஒட்டியவன் நான். அது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது. இதையா இத்தனை நாள் எண்ணி எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்?

பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு அவளே சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது, பெரியம்மா வாயில் கை வைத்துக்கொண்டார், ஜெபராஜ் குழந்தை மாதிரி அழுதார். புடவையில் கிரீஸும் நெற்றியில் வியர்வையுமாக நின்றவளை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். என்ன பெண் இவள்! கையிலிருந்த டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு எஸ்தர் அண்ணனிடம் சொன்னாள்: "பொய் சொல்றாருண்ணா. ஆனா கேட்டா ஒடனே உண்மையச் சொல்லிட்றாரு. பரவால்ல, மோதிரத்த எடுங்க."

வண்டி இன்றும் பாயிண்டில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெபராஜ் இந்தக் கதையைச் சொல்லுவார். வருஷத்துக்கு வருஷம் புகை கூடிக்கொண்டே போகிறது. போன தடவை ஊர் தாண்டித் திருப்பாச்சூர் வரை தெரிந்ததாம். நான் வாயே திறப்பதில்லை. ஆனால் "எந்தங்கச்சி பத்து நிமிசத்துல பாயிண்ட மாட்டிட்டா" என்று அவர் அலட்சியமாகச் சொல்லிப் போகும் இடத்தில் மட்டும் என்னால் பொறுக்க முடியாது. "பத்து இல்ல மச்சான், ஆறு நிமிஷம். டார்ச் புடிச்சவன் நான்" என்று எழுந்துவிடுவேன்.

உடனே என் மகள் எல்லோரையும் கையமர்த்துவாள்: "சும்மா இருங்க, பேக்கிங் டிபார்ட்மெண்ட் பேசுது!"